நாலாவது வரி

உங்க அண்ணன் கூப்பிட்டப்பவே போயிருக்கலாம். நான்தான் வேணாம்னேன். ஏன்னு நீ கேக்கவே இல்ல. அப்புறம்? அப்புறம் ஒரு வரி இருக்கிறது. மொத்தமே நாலு வரி வசனம்தான். காலையில் அயனாவரத்தில் வீட்டைப் பூட்டும்போது நாலும் இருந்தன, கார் கீழ்ப்பாக்கம் தாண்டும்போதும் இருந்தன, இந்த வளசரவாக்கத்து ஷூட்டிங் வீட்டு மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மேக்கப்காரர் என் கழுத்தில் துண்டைச் சுற்றியபோது எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் இருக்கின்றன. சட்டைப் பையில் காகிதம் இருக்கிறது. எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், எழுதப் படிக்க வராது, அதனால் கோ-டைரக்டர் ஜெபராஜ் இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தந்திருக்கிறார். எடுத்துப் பார்த்தேன். கேட்டிருந்தா சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது. ஆமாம், இதுதான். இதைப் போய் எப்படி மறந்தேன். மடித்துப் பையில் வைத்தேன், கையை எடுப்பதற்குள் போய்விட்டது. ஒரு வாரமாக இதே கதை. மேக்கப்காரர் என் மூஞ்சியில் எதையோ மங்கலாகப் பூசிக்கொண்டிருந்தார். ரோஸ் பவுடர் வேண்டாமா என்று கேட்டேன், பழக்கதோஷம். டைரக்டர் மேடம் உள்ளபடியே விடச் சொல்லிட்டாங்க சார், வெயில்ல அலைஞ்ச மாதிரி கொஞ்சம் கருப்பு மட்டும் ஏத்தச் சொன்னாங்க என்றார். நாற்பத்தைந்து வருஷம் இந்த மூஞ்சியை வெளுப்பாக்கித்தான் பார்த்திருக்கிறேன். கலெக்டர், ஜெயிலர், தேயிலைத் தோட்டத்து முதலாளி, மேஜர், இரண்டு தடவை பாதிரியார். தமிழ் சினிமாவில் ஒரு வெள்ளைக்காரன் வேண்டுமென்றால் பெரம்பூருக்கு ஆள் அனுப்பு, மெர்வின் கல்லனைக் கூட்டி வா. பேரே துரை என்று ஆகிவிட்டது. காய்கறி மார்க்கெட்டில் துரை, சர்ச்சில் துரை, ஸ்டூடியோ வாசலில் வாட்ச்மேனுக்குக்கூட துரை. இங்கிலாந்தை நான் மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். எங்கப்பா வழித் தாத்தாவின் தாத்தா எவரோ அயர்லாந்திலிருந்து வந்தாராம், அவர் விட்டுப்போனது இந்தச் சாம்பல் கண்ணும் தோலும், அதை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைத்தேன். பகலில் பெரம்பூர் கோச் ஃபாக்டரியில் ரயில்பெட்டி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற வேலை, லீவு போட்டுவிட்டு வந்து இந்தியர்களைச் சவுக்கால் அடிக்கிற வேலை.

அண்ணன் ஆஸ்வால்ட்தான் நடிகன். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டால் ஆஸி மேடையில் ஏறியதும் ஜனம் பேச்சை நிறுத்தும். அவன் அம்மாவைக் கொண்டு கருப்பு. சினிமாக் கம்பெனி ஏஜெண்ட் ஒருத்தர் அங்கே நாடகம் பார்க்க வந்து, முடிந்ததும் நேராக மேடைக்குப் பின்னால் வந்தார், ஆஸி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான், அவர் அவனைத் தாண்டி, திரை இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, தம்பி உனக்குக் குதிரை ஏற வருமா என்று கேட்டார். வரும் என்றேன். வராது. ஆஸி என் முதுகில் தட்டி, போடா என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்போது எனக்கு இலேசாக இருக்கும். குதிரை முதல் நாளே தள்ளிவிட்டது. அதற்கப்புறம் முப்பத்தொரு படத்தில் செத்திருக்கிறேன், அம்பு பட்டு, அருவியில் விழுந்து, தூக்கில் தொங்கி, ஒரு தடவை யானை மிதித்து. பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் பார்க்க வந்த ஒரு அம்மா, பிரேக்கில் நான் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டே வந்து என் பூட்ஸ் மேல் துப்பினாள். எனக்குக் கோபம் வரவில்லை, நாம் நன்றாகத்தான் செய்கிறோம் போலிருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. அதுவும் பொய். அவள் துப்பியது தியேட்டரில் கேட்ட ராமசேஷன் குரலுக்கு. என் குரல் ஒரு படத்திலும் கிடையாது. நான் பேசினால் பெரம்பூர்க்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறதாம், வெள்ளைக்காரன் மாதிரி இல்லையாம், அதனால் நான் வாயை அசைப்பேன், கும்பகோணத்து ராமசேஷன் டப்பிங் தியேட்டரில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, டுமில் மக்கள் என்று எனக்காகக் கத்துவார். நல்ல மனுஷர். வெள்ளைக்காரனை நேரில் பார்த்தது உண்டா சார் என்று கேட்டால், உங்களைத்தான் பார்த்திருக்கேன் என்பார். அவர் தவறிப்போனபோது மாம்பலத்து வீட்டுக்குப் போய் மூலையில் நின்றேன், உறவுக்காரர்கள் இது யார் என்று பார்த்தார்கள், அவருடைய மனைவி அழுகைக்கு நடுவில் தலையைத் தூக்கி, இவர் வாயிலதான் அவர் அத்தனை வருஷமாப் பேசினார் என்றார். அந்த மாதிரி ஒரு மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. இந்தப் படத்தில் டப்பிங் கிடையாது. ஸ்பாட்டிலேயே குரலைப் பதிவு செய்கிறார்கள். டைரக்டர் மங்கையர்க்கரசி, வயது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோ, அயனாவரம் ரேஷன் கடை வரிசையில் நான் ஒருத்தரோடு பாமாயிலுக்காகச் சண்டை போடுவதைக் கேட்டுவிட்டு வீடு வரைக்கும் பின்னாலேயே வந்த பெண். சார், நீங்க இப்படியே பேசினாப் போதும் என்றாள். பாத்திரத்தின் பெயர் மாசிலாமணி. ரிட்டயரான ஸ்கூல் கிளார்க். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக என்னை இந்த ஊர்க்காரன் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள், நான் வரியை மறந்துகொண்டிருக்கிறேன்.

வயசானால் எல்லோருக்கும் மறக்கும். இதை அந்த டாக்டரம்மாவிடம் நான்தான் சொன்னேன், அவர் சொல்லவில்லை. அவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து என்று முள் போடுங்கள் என்றார். வட்டம் நன்றாக வந்தது. ரெக்சின் வெட்டிய கை. எண்களைப் போட ஆரம்பித்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, போட்டுக்கொண்டே போனால் பன்னிரண்டும் வலது பக்கத்திலேயே முடிந்துவிட்டன, இடது பக்கம் காலியாக இருந்தது. தப்பு என்று தெரிகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை. ஐந்து வார்த்தை சொன்னார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ரோஜா, பாலம், சிவப்பு. இன்னும் இரண்டு. இதோ இப்போதும் தேடுகிறேன், ரோஜா, பாலம், சிவப்பு, மூன்றாவதோடு சுவர் வந்துவிடுகிறது. வரியும் மூன்றோடு நிற்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஆரம்பம்தான் மிஸ்டர் கல்லன், வீட்டில் யாரையாவது அடுத்த தடவை கூட்டி வாருங்கள் என்றார். வீட்டில் யார். மனைவி ஹேசல் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகள் கேரன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பேன். அவளிடம் சொன்னால் அன்றைக்கே டிக்கெட் போடுவாள், அங்கே கொண்டுபோய் ஒரு இல்லத்தில் விடுவாள், அது நல்ல இல்லமாகத்தான் இருக்கும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே போய் நியூஸ் பேப்பர் வாங்கிக்கொண்டு, அப்படியே கால் போனபடி பார்க் வரைக்கும் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எதிர்வீட்டம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு புகையை விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சாவி அவளிடம் எப்படிப் போனது என்று யோசித்தேன், நான்தான் கொடுத்திருக்கிறேன், எப்போது என்று தெரியவில்லை. இப்போது பால் பவுடருக்கு மாறிவிட்டேன். பவுடருக்கு வெந்நீர் வேண்டுமே. வெந்நீருக்கு அடுப்பு வேண்டுமே. சரி, அதை அப்புறம் யோசிக்கலாம், இப்போது வரி. அண்ணன் கூப்பிட்டப்பவே போயிருக்கலாம்.

எழுபத்து நாலில் ஆஸ்திரேலியாவில் போய்க் குடியேற எங்களுக்கும் பேப்பர் எல்லாம் வந்துவிட்டது. முத்திரை குத்தி, போட்டோ ஒட்டி. அம்மா, ஆஸி குடும்பம், ஹேசலின் இரண்டு அக்காமார், அவளுடைய அம்மா, எல்லோருக்கும் ஒரே கப்பல். பம்பாய் வரைக்கும் ரயில். டிரங்குப் பெட்டியில் ஹேசல் வெள்ளைப் பெயிண்டில் எங்கள் பெயரை எழுதிக் காயவைத்திருந்தாள். அப்போதுதான் ஒரு கம்பெனி மானேஜர் வந்தார், கலெக்டர் வேஷம், படம் முழுக்க வருகிற வில்லன், காரைக்குடியில் நாற்பது நாள். படம் முழுக்க. ஹேசல் அடுத்த கப்பலில் போய்க்கொள்ளலாம் என்றாள், நான் கேட்பதற்கு முந்தியே சொன்னாள், என் மூஞ்சியைப் பார்த்திருப்பாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் ஆஸி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சீக்கிரம் வந்து சேருடா என்றான். நாற்பது நாளும் நடித்தேன். படம் வந்தபோது நான் இரண்டு சீனில் இருந்தேன், மீதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் காமெடி வைத்திருந்தார்கள். மிட்லண்ட் தியேட்டரில் ஹேசல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொடுத்தேன். அடுத்த கப்பல் வந்தது, இன்னொரு படமும் வந்தது. அப்புறம் கேரன் பிறந்தாள், ரூல்ஸ் மாறியது, அப்புறம் கப்பலைப் பற்றிப் பேசுவதே நின்றுபோனது. இங்கேதான் இந்த மூன்றாவது வரி எனக்கு உதைக்கிறது. ஏன்னு நீ கேக்கவே இல்ல என்கிறான் மாசிலாமணி. ஹேசல் கேட்டாள். ஒரே ஒரு தடவை கேட்டாள். எண்பத்தொன்பதில் அவளுடைய அம்மா பெர்த்தில் தவறிவிட்டதாகத் தந்தி வந்த அன்றைக்கு, தந்தியை நாலாக மடித்துக்கொண்டே, நாம ஏன் போகலை மெர்வின் என்று கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா. காலையில் ஷூட்டிங் இருக்கு, சீக்கிரம் படுக்கணும் என்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். இதெல்லாம் அச்சாக ஞாபகம் இருக்கிறது, இஸ்திரிப் பெட்டியின் ஒயரில் சுற்றியிருந்த கருப்பு டேப் வரைக்கும். இதெல்லாம் போகக் கூடாதா. போவதெல்லாம் எனக்கு வேண்டியது, இருப்பதெல்லாம் இது. அப்படியானால் நாலாவது வரியைத் தின்பது அந்த நோயா, இல்லை, மூன்றாவது வரி பொய் என்பதால் மனசு அங்கேயே நின்றுகொள்கிறதா. டாக்டரம்மாவுக்கும் இது தெரியாது. ஸ்கேனில் ஹேசல் தெரியமாட்டாள்.

ஷாட் ரெடி என்று ஜெபராஜ் வந்து என் கையைப் பிடித்து மாடிப்படி இறக்கினார். கீழே படுக்கையறை. படுத்த படுக்கையாக இருக்கிற என் மனைவியாக வனஜாட்சி, ஒருக்களித்து என் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். எழுபது வயதிருக்கும், குரூப் டான்ஸில் ஆரம்பித்து, அக்கா, அம்மா, பாட்டி என்று எல்லாம் ஆனவர். எண்பதுகளில் ஒரு படத்தில் வேலைக்காரியாக வந்து எனக்குப் பாலில் விஷம் வைத்தவர். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய தலையை வாரிக்கொண்டே நாலு வரி சொல்ல வேண்டும். காமிரா அவருடைய தலைக்குப் பின்னாலிருந்து என் முகத்தைப் பார்க்கிறது. சத்தம் பதிய வேண்டும் என்பதற்காக மின்விசிறி, ஏசி, பக்கத்து அறை பிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள், நாற்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த அமைதிதான் பயம். அந்தக் காலத்தில் டேக்கில் டைரக்டர் கத்திக்கொண்டே இருப்பார், குதிரை கனைக்கும், ஜெனரேட்டர் ஓடும், நான் வாயை அசைத்தால் போதும். இப்போது என் தொண்டையில் எச்சில் இறங்குவதுகூட ஒருத்தர் காதில் விழுகிறது. முதல் டேக், மூன்று வரி வந்தது, சீப்பு நடுவில் நின்றது. இரண்டாவது டேக், அதே இடம். மங்கை வந்து குனிந்து, ஒண்ணும் அவசரமில்ல சார், தண்ணி குடிங்க என்றாள். மூன்றாவதில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது, எனக்கு அதன் மேல் நன்றி வந்தது. நாலாவது டேக்கில் மூன்றாவது வரியே வரவில்லை. பின்னால் யாரோ மெதுவாக நாற்காலியை நகர்த்தினார்கள். நாற்காலி நகர்கிற சத்தத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், இந்த ஆளால் முடியாது என்பதுதான், நானே மற்றவர்களுக்காக நகர்த்தியிருக்கிறேன். மங்கை மறுபடி வந்தாள். அவள் முகத்தில் எரிச்சல் இருந்தால் தாங்கியிருப்பேன், கரிசனம் இருந்தது. சார், நீங்க ஒன் டூ த்ரீன்னு சொன்னாக்கூடப் போதும், முகம் அவ்வளவு நல்லா இருக்கு, இத டப்பிங்ல பாத்துக்கலாம் என்றாள். பத்து நிமிஷம் பிரேக் என்று ஜெபராஜ் சொன்னார். எல்லோரும் விசிறி இருக்கிற இடம் தேடி வெளியே போனார்கள்.

நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம். ராமசேஷனும் இல்லை, வேறு எவரோ வந்து, நல்ல கனமான கிழக்குரலில், கேட்டிருந்தா என்று ஆரம்பித்து முடித்துவிட்டுப் போவார். ஹேசலுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருத்தன் சொல்லிவிட்டுப் போவான். அது ஹேசலுக்குச் சொல்வதா, இது சினிமா, இது மாசிலாமணி. இருந்தாலும். வனஜாட்சி எழுந்து போகவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டயலாக் மறக்குதா சார்? இல்ல, எல்லாமே மறக்குதா?" என்று கேட்டார்.

இல்லம்மா, ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பதில் அது, நன்றாக மனப்பாடமான வசனம், அது மட்டும் மறக்கவே மறக்காது. அது வரவில்லை.

"எல்லாந்தான் வனஜாம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க. ஆரம்பம்னு."

அவர் ஐயோ என்று சொல்லவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டார். இப்போது உங்களுக்குத் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி நாலு வருஷம் இப்படித்தான் இருந்தது, என்னையே யாருங்க நீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் நான் வாயைத் திறந்து பாட்டைப் பாடுகிற மாதிரி அசைத்தால் கூடவே முழுப் பாட்டையும் பாடிவிடுவார் என்றார், காய்கறி விலை சொல்கிற மாதிரி சாதாரணமாக. அப்புறம் என் பக்கம் நன்றாகத் திரும்பிப் படுத்து, காமிரா என் பின்னந்தலையைத்தான் பார்க்கிறது, என் மூஞ்சி பிரேமில் இல்லை, தெரியும்தானே, நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைக்கிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் டைரக்டரிடம் சொல்ல வேண்டாமா என்றேன். நோயைப் பற்றிச் சொல்வது உங்கள் இஷ்டம், வாய் அசைப்பது என் இஷ்டம் என்றார். நான் எழுந்து போய் மங்கையிடம், இன்னும் ஒரே ஒரு டேக் என் குரலிலேயே போகலாம், வராவிட்டால் ஒன் டூ த்ரீ சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவள் உடனே சரி என்றாள்.

மறுபடி எல்லாம் நின்றது. விசிறி நின்றது. நான் அவருடைய முடியில் சீப்பை வைத்தேன். நரைத்த, எண்ணெய் வைத்த, நிஜ முடி. அவருடைய உதடு அசைந்தது. உங்க அண்ணன் கூப்பிட்டப்பவே போயிருக்கலாம். சத்தம் என்னிடமிருந்து வந்தது. நான்தான் வேணாம்னேன். எனக்கு அந்த உதடு தவிர வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, படி இறங்கும்போது அடுத்த படியில் யாரோ முந்தியே கால் வைத்துக் காட்டுகிற மாதிரி. ஏன்னு நீ கேக்கவே இல்ல. இங்கே சுவர் வரும். வந்தது. அந்தத் தந்தி, அந்த மடிப்பு, கருப்பு டேப். கேட்டாயே ஹேசல், நீ கேட்டாய், நான் படுக்கணும் என்றேன். வனஜாட்சி அவசரப்படவில்லை, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார், பிறகு மெதுவாக வாயைத் திறந்தார். கேட்டிருந்தா. கேட்டிருந்தா, சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது. அறையில் கேட்ட அந்தக் குரல் கரகரப்பாக, கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரலாக இருந்தது, பெரம்பூர்க் குரல். சீப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. கட் சொல்ல மங்கைக்கு நேரமாயிற்று. சொன்ன பிறகும் யாரும் கைதட்டவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது, சவுண்ட் பதிகிற மனிதர் மட்டும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். விசிறியைப் போட்டார்கள். வெளியே போய் முகம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

சாப்பாட்டு பிரேக்கில் மங்கையைத் தனியாகக் கூப்பிட்டு நோயையும், வனஜாட்சி வாய் அசைத்ததையும் சொன்னேன். சொல்லிவிடுவதுதான் நியாயம், அவளுடைய படம், இன்னும் எனக்கு மூன்று நாள் வேலை பாக்கி. அவள் கையிலிருந்த ஷெட்யூல் தாளைப் புரட்டினாள். பிறகு, நாளைக்கு உங்களுக்கு வனஜாம்மாவோட காம்பினேஷன் சீனே இல்லையே சார் என்றாள். ஆள மாத்தணும்னா இப்பவே சொல்லிடும்மா, நான் தப்பா நினைக்க மாட்டேன் என்றேன். அதற்கு அவள் பதில் சொல்வதற்குள், கையில் தட்டோடு வந்துகொண்டிருந்த வனஜாட்சி நின்றார். நாலு வீடு தள்ளிதான் என் மகள் இருக்கிறாள், நாளைக்கு எனக்கு வேலையும் இல்லை என்று மங்கையிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு நாளும் வர்றேன். காமிராவுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்க."

மங்கை சரி என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு யாரையோ கூப்பிடப் போய்விட்டாள். மூன்று நாளுக்கு அப்புறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அப்போது ஒரே பயம், இதுவும் போய்விடுமே. காலையில் எழுந்து, நம்மால் முடியாது, போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேனே, இப்படி ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பார் என்பதே ஞாபகம் இல்லாமல். காகிதத்தை நம்ப முடியாது. ஜெபராஜிடம் பேனா வாங்கி, திரும்பி நின்றுகொண்டு, இடது கையால் வலது உள்ளங்கையில் இங்கிலீஷ் எழுத்தில் கோணல்மாணலாக எழுதினேன், நான் இடது கைக்காரன். வனஜா வருவாங்க, நாளைக்கு, போ. எழுதி முடித்த பிறகுதான் சாம்பார் சாதத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பிறந்ததிலிருந்து வலது கையால் பிசைந்து சாப்பிடுகிறவன். அம்மா அடித்துப் பழக்கியது. பிசைந்து கை கழுவினால் எழுத்து போய்விடும். ஒரு ஸ்பூன் கிடைக்குமா என்று கேட்டேன். பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். என்ன இருந்தாலும் துரை இல்லையா, கையால சாப்பிடுவாரா என்று ஜெபராஜ் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்லி, வலது கையை மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்பூனை வாங்கிக்கொண்டேன்.